கணக்கு டீச்சர் பதில்கள்: மேலே போன பந்துக்கு விடை ஏன் ரெண்டு?

போன இதழில் இருபடிச் சமன்பாட்டைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே கணக்கைத்தான் சுற்றி வருகின்றன: மேலே எறிந்த பொருள் எவ்வளவு உயரம் போகும், எப்போது கீழே வரும். அதனால் இந்த முறை முழுக்க அதுதான். வட்டிக் கணக்கு கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பதில்களுக்கும் பொதுவானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேல்நோக்கி எறிந்த பொருளின் உயரம் இப்படி:

உயரம் = புறப்பட்ட உயரம் + (புறப்பட்ட வேகம் × நேரம்) − (5 × நேரம் × நேரம்)

உயரம் மீட்டரில், நேரம் விநாடியில். புவியீர்ப்பு முடுக்கத்தை (பூமியின் இழுப்பால் ஒவ்வொரு விநாடியும் வேகம் மாறும் அளவை) 10 என்று வைத்துக்கொண்டால் அதில் பாதிதான் அந்த 5. இனி நேரத்தை ‘நே’ என்று சுருக்கிக்கொள்கிறேன்.

கேள்வி (பத்தாம் வகுப்பு மாணவி, அருப்புக்கோட்டை): 25 மீட்டர் உயரமுள்ள மொட்டை மாடியிலிருந்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பந்தை மேலே எறிந்தால் எப்போது தரையைத் தொடும் என்று ஒரு கணக்கு. 5 விநாடி, −1 விநாடி என்று ரெண்டு விடை வருகிறது. “நேரம் மைனஸில் வராது, அடித்துவிடு” என்கிறார்கள். வராது என்றால் கணக்கு ஏன் அதைத் தருகிறது டீச்சர்?

பதில்: பாப்பா, அடித்துவிடு என்று சொன்னது பரீட்சைக்குச் சரி. ஆனால் நீ கேட்டதும் நியாயம்தான். அடிப்பதற்கு முன்னால் அந்த −1 என்ன சொல்ல வருகிறது என்று ஒரு நிமிஷம் கேட்டுவிடுவோம்.

தரை என்றால் உயரம் 0. அப்படியானால் 25 + 20நே − 5நே² = 0. எல்லாவற்றையும் 5ஆல் வகுத்துக் குறியை மாற்றினால் நே² − 4நே − 5 = 0. காரணிப்படுத்தினால் (நே − 5)(நே + 1) = 0. இதுவரை நீ சரியாகச் செய்திருக்கிறாய்.

இப்போது சமன்பாட்டின் பக்கம் நின்று யோசித்துப் பார். அதற்கு உன் கையைத் தெரியாது, மொட்டை மாடியைத் தெரியாது. நே = 0 ஆக இருக்கும்போது ஒரு பந்து 25 மீட்டர் உயரத்தில் 20 வேகத்தில் மேலே போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த செய்தி. “இப்படிப் போகும் பந்து எந்தெந்த நேரத்தில் தரையில் இருக்கும்?” என்று கேட்டோம். “இன்னும் 5 விநாடியில் இருக்கும், 1 விநாடிக்கு முன்னாலும் இருந்திருக்கும்” என்று அது சொல்லிவிட்டது.

நிஜமா என்று சரிபார்க்கலாம். மேலே போகும் பந்தின் வேகம் விநாடிக்கு 10 குறையும். மாடியைத் தாண்டும்போது 20 என்றால் ஒரு விநாடிக்கு முன் 30 இருந்திருக்க வேண்டும். தெருவில் நின்றுகொண்டு ஒருவர் 30 வேகத்தில் பந்தை மேலே எறிந்தால் ஒரு விநாடியில் அது போகும் உயரம் 30 − 5 = 25 மீட்டர். சரியாக உன் கைப்பிடிச் சுவர் உயரம்! அந்த நொடியில் நீயும் 20 வேகத்தில் ஒரு பந்தை எறிந்தால், அதற்கப்புறம் உன் பந்தும் தெருக்காரர் பந்தும் ஜோடி போட்டுக்கொண்டு மேலே போகும், ஜோடியாகவே 5ஆவது விநாடியில் தரையைத் தொடும். தொடும்போது வேகம் என்ன தெரியுமா? 20 − 50, அதாவது கீழ்நோக்கி 30. தெருக்காரர் எறிந்த அதே 30.

உன் கணக்கில் பந்து புறப்பட்டதே நே = 0 இல்தான். அதனால் −1 இந்தக் கதைக்குள் வராது. விடைத்தாளில் வெறுமனே கோடு போட்டு அடிக்காமல், “பந்து எறியப்பட்டது நே = 0 இல், எனவே −1 பொருந்தாது” என்று ஒரு வரி எழுது. திருத்துகிறவருக்கும் மனசு நிறையும்.

இந்த வேலையை நம் ஊர்க் கணிதக்காரர்கள் எப்போதோ செய்துவிட்டார்கள். பாஸ்கரர் 1150இல் எழுதி முடித்த பீஜகணிதம் என்ற இயற்கணித நூலில் ரெண்டு குரங்குக் கணக்கு அடுத்தடுத்து வரும். முதல் கணக்கில் கூட்டத்தின் எட்டில் ஒரு பங்கை வர்க்கமாக்கினால் வரும் அளவு குரங்குகள் தோப்பில் குதிக்கின்றன, மீதி 12 குன்றின் மேல் இருக்கின்றன. மொத்தம் எத்தனை? 16 என்றும் வரும், 48 என்றும் வரும், ரெண்டும் சரி என்று விட்டுவிடுகிறார். ரெண்டாவதில் கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் 3ஐக் கழித்து வர்க்கமாக்கிய அளவு குகைக்குள் போய்விட்டது, ஒன்றே ஒன்று கிளையில் தெரிகிறது. இதற்கு 50, 5 என்று ரெண்டு விடை. 5ஐப் போட்டுப் பார்: ஐந்தில் ஒரு பங்கு 1, அதில் 3 போனால் −2. வர்க்கமாக்கினால் 4, கிளையில் ஒன்றைச் சேர்த்தால் 5. எண்ணாகப் பார்த்தால் பொருந்துகிறது, ஆனால் மைனஸ் ரெண்டு குரங்கை எங்கே போய்ப் பிடிப்பது? அதனால் 5 வேண்டாம் என்கிறார் பாஸ்கரர். ஒவ்வொரு விடையையும் கதைக்குள் திரும்ப அழைத்துப் போய் நிறுத்திப் பார்த்துத்தான் அவர் முடிவு சொல்கிறார். குரங்குக்குச் செய்ததைப் பந்துக்கும் செய், போதும்.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்): மகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். தரையிலிருந்து 20 வேகத்தில் எறிந்த பந்து 15 மீட்டர் உயரத்தில் எப்போது இருக்கும் என்ற கணக்குக்கு 1 விநாடி, 3 விநாடி, ரெண்டுமே சரி என்கிறது புத்தகம். இன்னொரு கணக்கில் ஒன்றை அடிக்கச் சொல்கிறது. எப்போது அடிப்பது என்று விதி இருக்கிறதா? “பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி” மைனஸில் வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்கிறாள், “விடை கிடையாது” என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதில்: விதி என்று தனியாக ஒன்றும் இல்லை ஐயா. பந்து புறப்பட்ட நேரம் ஒன்று, தரையில் விழுந்த நேரம் ஒன்று. விடை அந்த ரெண்டுக்கும் நடுவில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே போனால் அடியுங்கள். உங்கள் பந்து 0 முதல் 4 விநாடி வரை காற்றில் இருக்கிறது. 1இல் மேலே போகும்போது 15 மீட்டரைக் கடக்கிறது, 3இல் இறங்கும்போது மறுபடி கடக்கிறது. ரெண்டும் நடந்த சங்கதிதான்.

அடுத்த கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசை. ஏனென்றால் இதில் ஒரு அழகான விஷயம் ஒளிந்திருக்கிறது. பல பேர் அதைப் பார்க்காமலே பள்ளியை விட்டுப் போய்விடுகிறார்கள்.

சூத்திரத்தில் எண்ணைப் போடாமல், ஸ்ரீதரர் வழியில் போவோம். இவர் பாஸ்கரருக்கு முந்தியவர். இவருடைய பீஜகணித நூல் நமக்குக் கிடைக்கவில்லை. இந்த முறை மட்டும் பாஸ்கரர் எடுத்துக் காட்டியதால் தப்பிப் பிழைத்தது. முறை இதுதான்: வர்க்கத்தின் கெழுவை (முன்னால் நிற்கும் எண்ணை) நாலால் பெருக்கி, அந்த எண்ணால் எல்லாவற்றையும் பெருக்கு. அப்புறம் நடு உறுப்பின் கெழுவை வர்க்கமாக்கி ரெண்டு பக்கமும் கூட்டு. பின்னமே வராது என்பதால் எனக்கு மிகவும் பிடித்த முறை.

உங்கள் கணக்கு: 5நே² − 20நே + 15 = 0.
4 × 5 = 20. அதால் பெருக்கினால்: 100நே² − 400நே + 300 = 0.
300ஐ அந்தப் பக்கம் தள்ளி, 20இன் வர்க்கமான 400ஐ ரெண்டு பக்கமும் கூட்டினால்: 100நே² − 400நே + 400 = 400 − 300.
அதாவது (10நே − 20)² = 100.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, இடது பக்கம் அடைப்புக்குறிக்குள் இருப்பதை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். 10நே − 20. பந்தின் வேகம் 20இல் தொடங்கி விநாடிக்கு 10 குறைகிறது, ஆகவே எந்த நேரத்திலும் அதன் வேகம் 20 − 10நே. ரெண்டும் ஒன்றுதான், குறி மட்டும் திரும்பியிருக்கிறது. வர்க்கமாக்கிவிட்டால் அந்த வித்தியாசமும் போய்விடும். ஆக, ஸ்ரீதரர் வழியில் நாம் உண்டாக்கிய அந்த வர்க்கம், அந்த உயரத்தில் பந்துக்கு இருக்கும் வேகத்தின் வர்க்கம்!

வலது பக்கம் இருக்கும் 400 − 300தான் உங்கள் மகள் சொல்லும் “பி ஸ்கொயர் மைனஸ் ஃபோர் ஏசி”, தமிழ்ப் புத்தகத்தில் தன்மைக் காட்டி. ஏ என்பது நே²இன் கெழு 5, பி என்பது நேயின் கெழு −20, சி என்பது தனியாக நிற்கும் 15. அது 100 என்றால் 15 மீட்டர் உயரத்தில் பந்தின் வேகம் 10. சூத்திரத்தில் வரும் பிளஸ் ஆர் மைனஸ் என்ன என்பதும் இப்போது தெரிந்துவிடும். 10 வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும் பந்து ஒரு விடை, 10 வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கும் பந்து இன்னொரு விடை.

உயரத்தை மாற்றிப் பார்ப்போம். 20 மீட்டர் கேட்டால் தன்மைக் காட்டி 400 − 400 = 0. வேகம் 0, பந்து உச்சியில் நிற்கிறது, விடை 2 விநாடி மட்டும். 25 மீட்டர் கேட்டால் 400 − 500 = −100. எந்த எண்ணை வர்க்கமாக்கினாலும் −100 வராது, ஆகவே அந்த உயரத்தில் இந்தப் பந்துக்கு இருக்கக்கூடிய வேகம் என்று ஒன்று இல்லை. பந்து அங்கே போகவே போகாது. “விடை கிடையாது” என்பதற்கு இதுதான் அர்த்தம் என்று மகளிடம் சொல்லுங்கள். கேட்டது 25, பந்தால் முடிந்தது 20.

அந்தத் தன்மைக் காட்டியை எழுத்தால் எழுதினால்: புறப்பட்ட வேகத்தின் வர்க்கம் − (20 × உயரம்). பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் ஆசிரியர் இதையே இயக்கச் சமன்பாடு என்று கரும்பலகையில் எழுதுவார். பக்கத்து வகுப்பில் கணக்கு டீச்சர் தன்மைக் காட்டி எழுதிக்கொண்டிருப்பார். பிள்ளைகள் ரெண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்துகொண்டு போவார்கள். ஒரு நாள் ரெண்டு ஆசிரியர்களும் ஒரே வகுப்பில் நின்றால் எவ்வளவு நேரம் மிச்சம்!

உச்சி உயரம் வேண்டுமென்றால் தன்மைக் காட்டியை 0 ஆக்கினால் போதும். வேகத்தின் வர்க்கத்தை 20ஆல் வகுக்க வேண்டியதுதான். 10 வேகத்துக்கு 5 மீட்டர், 20க்கு 20 மீட்டர், 30க்கு 45 மீட்டர். வேகம் ரெண்டு மடங்கானால் உயரம் நாலு மடங்கு.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், தென்காசி): புவியீர்ப்பு முடுக்கம் ஒரு புத்தகத்தில் 10, ஒன்றில் 9.8, இணையத்தில் பார்த்த கணக்குகளில் 16. எதைப் போடுவது?

பதில்: கேள்வித்தாளில் எது கொடுத்திருக்கிறதோ அதை. கொடுக்கவில்லை என்றால் 9.8. உலக அளவில் ஒப்புக்கொண்ட மதிப்பு 9.80665, அது 1901இல் முடிவானது. நிஜத்தில் நிலநடுக்கோட்டில் சுமார் 9.78, துருவங்களில் 9.83. அந்த 16 அமெரிக்கப் புத்தகங்களில் வருவது. அவர்கள் அடியில் கணக்குப் போடுகிறார்கள், முடுக்கம் 32 அடி, அதில் பாதி 16. மீட்டர் கணக்கில் 16ஐப் போட்டால் வியாழன் கிரகத்தை நோக்கிக் கிளம்பிவிடுவீர்கள். 10 போடுவதற்கும் 9.8 போடுவதற்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம்தான்: 20 வேகத்தில் போன பந்து 20 மீட்டர் என்பது 20.4 மீட்டர் ஆகும்.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவன், மன்னார்குடி): அக்காவின் நோட்டில் பார்த்தேன். பந்தின் எடை எங்கேயுமே இல்லை. கனமான கல்லுக்கும் இதே கணக்கா?

பதில்: இதே கணக்குதான் தம்பி. கனமான பொருளைப் பூமி அதிக விசையோடு இழுக்கிறது, ஆனால் அதை அசைக்கவும் அதே அளவுக்கு அதிக விசை வேண்டும். ரெண்டும் சரிக்குச் சரியாகப் போய்விடும். காற்று மட்டும் நடுவில் புகுந்து குழப்பும். காற்றே இல்லாத இடத்தில் இதைச் செய்தும் காட்டிவிட்டார்கள். 1971 ஆகஸ்ட் 2ஆம் தேதி, அப்போலோ 15இல் சென்ற டேவிட் ஸ்காட் நிலவில் நின்றுகொண்டு ஒரு கையில் சுத்தியல், இன்னொரு கையில் வல்லூறின் இறகு, ரெண்டையும் ஒரே சமயத்தில் விட்டார். ரெண்டும் சேர்ந்தே விழுந்தன. நிலவில் முடுக்கம் 1.62தான். அங்கே நீ 20 வேகத்தில் பந்தை எறிந்தால் 123 மீட்டர் உயரம் போய், திரும்பிவர 24 விநாடிக்கு மேல் ஆகும்.

வீட்டில் செய்து பார்க்க: தடிமனான நோட்டின் மேல் அதைவிடச் சின்னதாகக் கிழித்த காகிதத் துண்டை வைத்து, நோட்டைப் படுக்கை வாட்டில் கீழே விடு. காகிதத்துக்கு வர வேண்டிய காற்றை நோட்டு மறைத்துக்கொள்ளும், ரெண்டும் ஒன்றாக இறங்கும். அக்காவின் நோட்டை எடுக்காதே.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): கிரிக்கெட்டில் சிக்ஸர் எத்தனை மீட்டர் தூரம் போனது என்று டிவியில் சொல்கிறார்கள். எவ்வளவு உயரம் போனது என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும், போனில் இருக்கும் ஸ்டாப்வாட்ச் போதும். மட்டையில் பட்டது முதல் ஃபீல்டர் கையில் விழும் வரை எத்தனை விநாடி என்று பாருங்கள். அதில் பாதி நேரம் உச்சியிலிருந்து இறங்கிய நேரம். பாதியை வர்க்கமாக்கி 5ஆல் பெருக்குங்கள். சுருக்கமாக, மொத்த நேரத்தின் வர்க்கத்தை 1.25ஆல் பெருக்கினால் உயரம். 4 விநாடி என்றால் 20 மீட்டர், 5 விநாடி என்றால் 31 மீட்டர், 6 விநாடி என்றால் 45 மீட்டர்.

பந்து பக்கவாட்டில் எவ்வளவு தூரம் போனது என்பது இதில் வரவே இல்லை, கவனித்தீர்களா? கீப்பர் தலைக்கு மேலே நேராக எழும்பியதும் லாங் ஆன் பக்கம் போனதும் ஒரே நேரம் காற்றில் இருந்தால் ஒரே உயரம்தான். பக்கவாட்டு ஓட்டமும் மேல் கீழ் ஓட்டமும் ஒன்றில் ஒன்று தலையிடாது. இதைத் தெளிவாகச் சொல்லி, பாதை பரவளையம் என்று நிறுவி 1638இல் புத்தகமாக வெளியிட்டவர் கலிலியோ. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 1537இல், டார்டாக்லியா என்ற இத்தாலியர் பீரங்கிக் குண்டைப் பற்றி எழுதிய நூலில் குண்டு நேர்கோட்டில் போய், வளைந்து, மறுபடி நேர்கோட்டில் விழுவதாகத்தான் இருக்கிறது.

நான் வேலை பார்த்த பள்ளியில் இதை மைதானத்தில் வைத்துத்தான் நடத்துவேன். பி.டி. வாத்தியாரிடம் ஸ்டாப்வாட்ச்சை வாங்கிக்கொண்டு, ரப்பர் பந்தை ஒவ்வொருவராக எறிய வேண்டும், எறிந்த இடத்திலேயே பிடிக்கவும் வேண்டும். புளியமரத்தைத் தாண்டி எறிந்தேன் என்று ஒரு பையன் சத்தியம் செய்தான். வாட்ச் காட்டியது 2.4 விநாடி. வர்க்கம் 5.76, 1.25ஆல் பெருக்கினால் 7.2 மீட்டர். மரம் அதைவிடப் பெரியது. “வாட்ச் தப்பு டீச்சர்” என்று அவன் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை.

காற்றுத் தடை இருக்கிறதே என்று கேட்பீர்கள். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள கெட்டியான பந்து என்றாலும் வேகமாக அடித்தால் காற்று பிடித்து இழுக்கும். தூரக் கணக்கை அது நன்றாகவே கெடுத்துவிடும். ஆனால் நேரத்திலிருந்து உயரம் காணும் இந்தக் கணக்கில் மட்டும் ஏறும் நேரம் குறைந்து, இறங்கும் நேரம் கூடி, ஒன்றை ஒன்று ஈடுகட்டிக்கொள்வதால் விடை கிட்டத்தட்ட அப்படியே நிற்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். மேலே ஓசூர்க்காரர் கணக்கைப் பாருங்கள். 20 மீட்டர் போகும் பந்து 15 மீட்டருக்கு மேலே இருப்பது 1ஆவது விநாடி முதல் 3ஆவது விநாடி வரை. மொத்தம் 4 விநாடிப் பயணத்தில் பாதி நேரம் உச்சியை ஒட்டிய கால்வாசி உயரத்திலேயே கழிகிறது. எந்த வேகத்தில் எறிந்தாலும் இந்தப் பாதி, கால்வாசி மாறாது. வாலிபால் ஆடுகிறவர் எம்பி அடிக்கும்போது அந்தரத்தில் நிற்பதுபோல் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

கேள்வி (விவசாயி, பல்லடம்): கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தம் கேட்கும் நேரத்தை வைத்து ஆழம் சொல்கிறார்கள். 2 விநாடிக்கு 64 அடி என்று பக்கத்துத் தோட்டத்துப் பையன் சொன்னான். சரியா?

பதில்: பையன் 16ஐ 4ஆல் பெருக்கியிருக்கிறான் ஐயா. ஏறக்குறைய சரி. ஆனால் கல் விழுந்த சத்தம் மேலே வந்து சேரவும் கொஞ்ச நேரம் ஆகிறதே, அதை விட்டுவிட்டான். அதையும் சேர்த்தால் ஒரு இருபடிச் சமன்பாடு வரும். இங்கே 10, 5 என்று முழுசாக்காமல் 4.9 என்றே வைப்போம், ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர்.

கல் விழுந்த நேரம் நே என்றால் சத்தம் ஏறிவந்த நேரம் 2 − நே. ரெண்டும் கடந்தது ஒரே ஆழம். ஆக 4.9நே² = 343 × (2 − நே). 4.9ஆல் வகுத்தால் 343 அழகாக 70 ஆகிவிடும்: நே² + 70நே − 140 = 0. 140ஐ அந்தப் பக்கம் தள்ளி, 35இன் வர்க்கமான 1225ஐ ரெண்டு பக்கமும் கூட்டி வர்க்கப் பூர்த்தி செய்தால் (நே + 35)² = 1365. 1365இன் வர்க்கமூலம் சுமார் 36.95. நே = 1.95 விநாடி. ஆழம் சுமார் 18.6 மீட்டர், அதாவது 61 அடி. பையன் சொன்னதைவிட 3 அடி குறைவு. சத்தம் 3 விநாடி கழித்துக் கேட்டால் வித்தியாசம் 11 அடி ஆகிவிடும்.

ஆனால் ஒன்று. அந்தக் கல் தண்ணீரைத் தொடும்போது விநாடிக்கு 19 மீட்டர் வேகத்தில் போகிறது. ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவதில் உங்கள் கை 0.2 விநாடி பிந்தினால் 12 அடி தவறிவிடும். ஒலிக்கு நான் இவ்வளவு பாடுபட்டுத் திருத்தியது 3 அடி! மோட்டார் இறக்க அளவு வேண்டுமென்றால் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குங்கள். இந்த முறை தண்ணீர் மட்டம் வரைதான் காட்டும், கிணற்றின் அடி வரை காட்டாது. கிணற்றுக்குள் ஆள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கல்லைப் போடுங்கள், எறியாமல் கையை விட வேண்டும்.

அருப்புக்கோட்டைப் பாப்பாவுக்காக ஒரு வரி: இந்தச் சமன்பாட்டுக்கும் ஒரு மைனஸ் விடை உண்டு, −35 − 36.95, சுமார் −72 விநாடி. அதன் கதையைக் கேள். 25 கிலோமீட்டர் ஆழமான ஒரு கிணறு. அடியிலிருந்து யாரோ 72 விநாடிக்கு முன்னால் ஒரு கல்லை மேலே எறிகிறார்கள். அது சரியாக உன் கை உயரத்தில் வந்து வேகம் தீர்ந்து ஒரு கணம் நிற்கிறது. நீ கல்லை விடும் கணம் அதுதான். அவர்கள் எறிந்த சத்தமோ அதற்கப்புறம் 2 விநாடி கழித்துத்தான் மேலே வந்து சேர்கிறது. கல் புறப்பட்ட வேகம் ஒலியைப்போல் ரெண்டு மடங்கு, அதனால்தான் முந்திக்கொண்டது. பல்லடத்திலேயே இவ்வளவு ஆழம் தோண்டியதில்லை, அடித்துவிடலாம்.

கேள்வி (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், விழுப்புரம்): காரணிப்படுத்தல், வர்க்கப் பூர்த்தி, சூத்திரம் – பரீட்சையில் எது நல்லது?

பதில்: எண்களைப் பார்த்ததும் காரணி தெரிந்தால் காரணி. தெரியவில்லையா, தேடிக்கொண்டு உட்காராமல் சூத்திரம். “வர்க்கப் பூர்த்தி முறையில்” என்று கேள்வியிலேயே இருந்தால் அந்த முறையில்தான் செய்ய வேண்டும், விடை சரியாக இருந்தாலும் வேறு வழிக்கு மதிப்பெண் கிடையாது.

கேள்வி (இல்லத்தரசி, சிவகாசி): தீபாவளி ராக்கெட்டுக்கும் இந்தச் சமன்பாடு பொருந்துமா?

பதில்: மருந்து எரிந்துகொண்டிருக்கும் வரை பொருந்தாது அம்மா. அப்போது ஈர்ப்போடு மருந்தின் உந்துதலும் சேர்ந்து வேலை செய்கிறது. நம் சமன்பாடு கையை விட்டுப் போன பிறகு வேறு உந்துதல் இல்லாத பொருளுக்கு மட்டும்தான். மருந்து தீர்ந்த கணத்தை நே = 0 என்று வைத்து, அந்தக் கணத்து உயரத்தைப் ‘புறப்பட்ட உயரம்’ ஆகவும் அந்தக் கணத்து வேகத்தைப் ‘புறப்பட்ட வேகம்’ ஆகவும் போட்டால் அதற்கப்புறம் ஓரளவு பொருந்தும். குச்சியைக் காற்று பிடித்து இழுப்பதால் ஓரளவு என்கிறேன். 1963 நவம்பர் 21இல் கேரளத்தின் தும்பா ஏவுதளத்திலிருந்து கிளம்பிய முதல் ராக்கெட்டுக்கும் இதே கதைதான். எரிபொருள் தீர்ந்த பிறகு மீதி உயரம் முழுவதையும் அது கையிலிருந்து விட்ட பந்தாகவே ஏறியது.

அடுத்த இதழுக்கு ஒரு கணக்கு: 40 மீட்டர் உயர மாடியிலிருந்து ஒரு கல்லைக் கையிலிருந்து விடுகிறார்கள். அதே நொடியில், நேர் கீழே தரையிலிருந்து ஒரு பந்தை 20 வேகத்தில் மேலே எறிகிறார்கள். ரெண்டும் எப்போது, எந்த உயரத்தில் சந்திக்கும்? சூத்திரத்துக்குப் பாயாமல், ரெண்டு உயரங்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிச் சமப்படுத்திப் பாருங்கள், ஒரு வேடிக்கை நடக்கும். அப்புறம் பந்தின் வேகத்தை 10 என்று மாற்றிப் போடுங்கள். அதற்கும் ஒரு விடை வரும், மைனஸ் கூட இருக்காது. அதை வைத்துக்கொள்ளலாமா, அடித்துவிடலாமா என்று காரணத்தோடு எழுதி அனுப்புங்கள்.